மூன்று துண்டும் ஒரே பீரோவில்

கித்தேரியம்மாளுக்கு இதை முதன்முதலில் சொன்னது அவள் மகள் ஜெனோவாதான், போன பெரிய வியாழக்கிழமை, பாதம் கழுவுகிற பூசை முடிந்து வந்து, மறுநாள் கஞ்சிக்குத் துவையல் அரைக்க இருவரும் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற மகள். சேதிகளைப் பூட்டுவதும் திறப்பதும்தான் அவள் வேலை என்று அதுவரைக்கும் தாய்க்குத் தெரியாது. "எம்மா, நம்ம கோயில் பங்குக்குப் போட்ட மெசேஜ் ஆப்புல உங்க பேருதான் பூட்டு. உங்களுக்கு ஒண்ணு அனுப்பணும்னா உங்க பேரைப் போட்டுப் பூட்டிரலாம், உங்களைக் கேக்கக்கூட வேண்டாம். ஆனா திறக்கிற சாவியை நீங்களா செஞ்சுக்க முடியாது. ஆப்பை நடத்துற கஸ்பார் சார்தான் கொடுக்கணும். அவர்ட்ட ஒரு பெரிய சாவி இருக்கு. பங்குல உள்ள அத்தனை பேர் சாவியும் அதுக்குள்ள இருந்துதான் பிறக்குது." துருவிய கை நின்றது. "அப்போ என் சாவி அவர்ட்டயும் இருக்குமா?" "இருக்கணும்னு இல்லம்மா. நினைச்ச நேரம் இன்னொண்ணு செஞ்சுக்கலாம், உங்க போனுக்குள்ள போகாத சாவி அன்னைக்கு ஒரு நாள்தான் திறக்கும். செஞ்சது உங்களுக்குத் தெரியவும் தெரியாது." அவ்வளவு லேசாகச் சொன்னாள், குழம்புக்கு உப்பு போதும் என்று சொல்கிற மாதிரி. கித்தேரி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்று அவள் கேட்பாள். துருவலில் ஓடு விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்க்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

இப்போதும் குனிந்துதான் இருக்கிறாள், கையில் செபமாலையோடு, கஸ்பார் சார் வீட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில். மே, மாதாவின் வணக்க மாதம் இது. மாதா சுரூபம் அன்பியக் குழுவில் உள்ள வீடுகளுக்கு ஒன்றொன்றாகப் போய் இன்றைக்கு இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை, ஆண்டவர் பாடுகளைச் சொல்லும் ஐந்து துக்க தேவ இரகசியங்கள். வாசல் குழாயில் கால் கழுவும்போது இடுப்பில் போன் ஒரு துடி துடித்தது. எடுத்துப் பார்த்தாள். ரெமி என்று பேர் மட்டும் நின்றது. திறக்கவில்லை, அப்படியே முந்தியில் சொருகிக்கொண்டாள். அவளுக்கு இளைய பிள்ளை ரெமிஜியுஸ், ஊருக்குத் தியாக்கோன், சாமியாருக்கு ஒரு படி கீழே. ஆவணியில் குருப்பட்டம். சிப்பித்துறையில் முப்பது வருசத்துக்குப் பிறகு ஒருத்தன் சாமியாராகப் போகிறான் என்று வளைவு கட்டக் கம்பு வெட்டி வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைதான் தவசு காலத்தில் இதே ஆப்பில் எழுதினான், எம்மா எனக்கு இது வேண்டாம்னு தோணுது, இன்னும் யார்ட்டயும் சொல்லல, நானே ஆயர்ட்ட போய்ச் சொல்லுற வரைக்கும் உங்களுக்குள்ள இருக்கட்டும், முடிவு பண்ணினதும் இதுலயே எழுதுறேன் என்று. உங்களுக்குள்ள. அந்த வார்த்தையில்தான் அவள் அன்றிலிருந்து இடறிக்கொண்டே இருக்கிறாள். எனக்குள்ள எங்கே மக்கா இருந்தது. குருமடத்தில் அவன் எழுதுவது கம்ப்யூட்டரில், பேசுகிற போன் ரெக்டர் சாமி அறையில்தான், அங்கே கூப்பிட்டு அதில் எழுதாதே என்று எப்படிச் சொல்வது, ஏன் என்று அவர் காது நிமிராதா. இப்போது முடிவு வந்துவிட்டது. இடுப்பில் சூடாக இருக்கிறது. திறந்தால் அவளுக்குத் தெரியும். திறக்காவிட்டாலும், செபம் முடிந்து எல்லாரும் போன பிறகு, பெரிய சாவியை வைத்திருக்கிற பச்சை பீரோவும் சேதிகள் வந்துபோகிற கம்ப்யூட்டரும் உள்ள அறைக்குள் போய் உட்கார்ந்தால், கஸ்பார் சாருக்கும் தெரியும்.

கஸ்பார் சார் முதல் தேவ இரகசியத்தைத் தொடங்கினார். பூங்காவனத்தில் ஆண்டவர் வியர்வை சிந்தினதைச் சொல்லும்போதே இவருக்கும் வியர்த்தது, பவுடர் கழுத்தில் கோடு கோடாக இறங்கியது. என்ன குரல். ஆண்டவருக்குக் காது மந்தம் என்று யார் இவருக்குச் சொன்னார்களோ. ஒவ்வொரு மன்றாட்டையும் தூக்கி உத்தரத்தில் மோதவிட்டுத்தான் விடுவார். சட்டைப் பையில் மூன்று பேனா, எழுதுவது ஒன்றிலும் இல்லை. மாதாவே, செப நேரத்தில் இப்படி நினைக்கிறேனே, மன்னியும், என்று ஒரு மணியை நகர்த்தினாள். அடுத்த மணிக்குள் நினைப்பு மறுபடியும் அங்கேயே போய் நின்றது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தக் காலத்தில் வெளியூர்க் கால் எல்லாம் இவர் கைவழியாகத்தான். அவள் வீட்டுக்காரர் சூசை கப்பலில் சமையல்காரர், துறைமுகம் கண்ட இடத்தில் இருந்து கூப்பிடுவார், அவள் தபாலாபீசில் நின்று பேசுவாள். பேசிவிட்டு வந்த மறுநாள் கோயில் வாசலில் கஸ்பார் சார் கேட்பார், "சூசைக்குப் பல்வலி தேவலையா?" அட, நம்ம வீட்டு மனுசனுடைய பல்வலிகூட இவருக்கு ஞாபகம் இருக்கிறதே என்று அவளுக்கு அப்போது உள்ளம் குளிர்ந்தது. ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் குளிர்ந்தது. யாருக்குப் பணம் வரவில்லை, யார் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போகிறது, எல்லாம் விசாரிப்பார். நல்ல மனுசன், நாலு பேரை விசாரிக்கிறார். பிறத்தியார் பேச்சில் காதை வைத்து வளர்ந்த மனுசன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சூசை அன்றைக்குப் பல்வலியோடு வேறொன்றும் சொன்னார், கடல் நடுவில் ராத்திரி அவளை நினைத்தது பற்றி. அதையும் இந்த மனுசன் கேட்டிருப்பார். அந்தக் காதில்தான் இப்போது சந்தனம் வைத்துக்கொண்டு செபமாலை சொல்கிறார்.

இரண்டாவது. கல்தூணில் கட்டி அடித்தது. கித்தேரிக்கு மீன்கடை ஞாபகம் வந்தது. வாடை தேவையில்லை அதற்கு, டெல்பின் அக்கா இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பதே போதும். கஸ்பார் சார் சம்சாரம். ரெமி எழுதி ஒரு வாரம்கூட இருக்காது, சாளைக் கூறு வாங்க நிற்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "ஏளா கித்தேரி, பட்டத்துக்குப் பந்தல் சொல்லிட்டியளா, இல்ல, கொஞ்சம் பொறுத்துப் பாக்கியளா?" பொறுத்துப் பாக்கியளா. எதுக்குப் பொறுக்கணும்? ஊரில் ஒருத்தரும் அப்படிக் கேட்கவில்லை. பந்தல்காரனை இன்னுமா சொல்லலை என்றுதான் எல்லாரும் ஏசுகிறார்கள். இவள் மட்டும் பொறுக்கச் சொல்கிறாள், அதுவும் அந்தப் பார்வையோடு, செவுள் சிவப்பா கறுப்பா என்று பார்க்கிற அதே பார்வையோடு. சொல்லியாச்சு அக்கா என்று பொய் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து சாளையைக் கழுவாமலே சட்டியில் போட்டாள். யாரிடமும் அவள் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை, அது அவள் பாவம் இல்லையே. பங்குச்சாமியார் கேட்டதை வெளியே விடக்கூடாது என்று திருச்சபை எத்தனை கட்டுக் கட்டி வைத்திருக்கிறது. இங்கே ஒரு ரிட்டயர்டு ஆள், குறுக்கே திரைகூட இல்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்டாட்டி காப்பி ஆற்ற, ஊரின் அத்தனை பேர் நெஞ்சையும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். த்தூ. செபமாலையில் இருக்கிறோம் என்று நினைவு வந்து எச்சிலை விழுங்கினாள்.

இந்த ஊர் இப்படித்தான். ஜெனோவா உயிர்ப்பு ஞாயிறு முடிந்து பங்குச்சாமியாரைப் பார்த்துச் சொன்னாள், சாமி, பெரிய சாவி ஒருத்தர் கையில இருக்கக்கூடாது, மூணாக உடைச்சு மூணு பேர்ட்ட கொடுங்க, மூணும் சேர்ந்தால்தான் யாருக்கும் சாவி போட முடியணும், உடைச்சதும் பழசு அழிஞ்சிரும் என்று. சாமியார் சந்தோஷப்பட்டு, அது நம்ம மாதா நகைப்பெட்டி மாதிரிதானே என்றார். புதுச் சாமியார், பாவம், அவருக்கு நகைப்பெட்டிக் கதை முழுசாகத் தெரியாது. மாதா நகைப்பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி பங்குச்சாமியாரிடம், ஒன்று ஊர்த்தலைவரிடம், ஒன்று முறை வைத்து ஒரு குடும்பத்திடம். மூன்று பேரும் நேரில் வந்தால்தான் திருவிழாவுக்கு நகை வெளியே வரும். முன்னோர் புத்தி. ஆனால் தலைவர் கடலுக்குப் போயிருப்பார், சாமியார் மாற்றலாகியிருப்பார், முறைக்காரர் சீக்கில் கிடப்பார், ஒவ்வொரு வருசமும் அலைச்சல். சரி, மூன்று சாவியும் ஓர் இடத்தில் இருக்கட்டுமே, எல்லாருக்கும் லேசு என்று ஊரே கூடி முடிவு பண்ணி, மூன்றையும் ஒரே ஆணியில் மாட்டினார்கள். யார் வீட்டு ஆணி? இந்த வீட்டு ஆணிதான். அதோ, காலண்டருக்குப் பக்கத்தில். மூன்று பூட்டு அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் போட்டு, பளபளவென்று. ஒன்றும் திருட்டுப் போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இவர்கள் மகள் கல்யாணத்தில் அந்தப் பெண் கழுத்தில் ஒரு மூவடுக்குச் சங்கிலி கிடந்தது, பதக்கத்தில் ஓரத்துக் கல் உதிர்ந்து. மாதா கழுத்தில் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் மனப்பாடமான சங்கிலி. பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ரசம் கொஞ்சம் ஊற்றுங்க என்றார்கள். மறுநாள் சங்கிலி பெட்டிக்குள் போய்விட்டது. எடுத்துக்கொள்ளவில்லையே, கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதானே. அவள் பிள்ளையுடைய மனசையும் இவர் அப்படித்தான் எடுத்துக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறார்.

"மூன்றாம் தேவ இரகசியம்," என்றார் கஸ்பார் சார், "முள்முடி சூட்டினது. பாதி வழியில் நின்று திரும்பிப் பார்க்கிற இளம் உள்ளங்களுக்காக ஒப்புக்கொடுப்போம்." ஒரு நொடி நிறுத்தினார். கண்ணைத் திறந்து கித்தேரி பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் பார்த்தது மாதிரி இருந்தது. டெல்பின் அக்கா மூச்சை இழுத்துவிட்டாள், உருக்கமாக. மற்றவர்கள் ஒன்றும் அறியாமல் செபத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கித்தேரியின் கட்டைவிரல் மணி மேல் நின்றுவிட்டது. வாய் மட்டும் கூட்டத்தோடு அசைந்தது. இன்றைக்கு வேண்டுதலாக வந்தது நாளைக்குக் குசுகுசுப்பாகும், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆயர் இல்லத்துக்குப் போகும். தெற்குத் தெருவில் ஒரு பையன் இருந்தான், குருமடத்தை விட்டு வந்தவன். அவன் வாயால் சொல்வதற்கு முந்தி ஊருக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வாங்க சாமி, பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். டீக்கடையில், வலைக்கூடத்தில், அவன் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட. கடைசியில் துபாய்க்குப் போனான், தாய் அடக்கத்துக்கும் வரவில்லை. ரெமியே போய் ஆயர் முன்னால் நின்று, யோசித்துப் பார்த்தேன் ஆண்டவரே, எனக்கு இது இல்லை என்று சொன்னால் அது ஒரு ஆம்பளை எடுத்த முடிவு. ஊர் முந்திக்கொண்டால் அவன் ஓடிவந்தவன். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இந்த இடுப்பில் இருக்கிற சேதி மட்டும்தான். ஒருவேளை, இருக்கிறேன், பட்டம் வாங்குகிறேன் என்றே எழுதியிருந்தால்? அப்படி எழுதியிருந்தாலும்தான் என்ன. அவன் தயங்கினது இவருக்குத் தெரியும். அவன் பூசை வைக்கும்போதெல்லாம் முன் வரிசையில் இவர் உட்கார்ந்து, நான் உன்னை உள்ளே பார்த்தேன் தம்பி என்கிற முகத்தோடு நன்மை அப்பத்தைக் கை நீட்டி வாங்க வருவார்.

நாலாவது. சிலுவை சுமந்தது. மின்விசிறி கடகடத்தது, மாதாவுக்குப் போட்ட மல்லிகை வாடி உள்ளேயே மணம் தேங்கியது. சரி, மனுசனிடம் நல்லதே இல்லையா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள், அவளுக்குப் பழக்கம் அது, யாரையும் முழுசாக வெறுக்க விடாத பழக்கம். இருக்கிறது. போன கார்த்திகையில் மீன் கழுவுகிற தண்ணீரில் போனைப் போட்டுவிட்டாள். சாவி போயிற்று, ரெமியின் பழைய சேதி எல்லாம் போயிற்று என்று அழுதுகொண்டு வந்தாள். இதே கூடத்தில் உட்கார வைத்து, புதுப் போனில் சாவியைப் போட்டுக் கொடுத்தார், அத்தனை சேதியும் திரும்பி வந்தது. அவருக்கு ஒரு பெரிய விளமீன் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டாமா? அவள் தொலைத்ததை அவரால் உண்டாக்க முடிகிறது என்றால். விளமீன் வேறு. ஜெனோவா இன்னொன்றும் சொன்னாள், ஆளாளுக்குச் சொந்தமாகவும் ஒரு துண்டு வைத்துக்கொள்கிற வழி அதில் இருக்கிறது, அவரவர் செய்து அவரவர் வைத்துக்கொள்வது, அது இல்லாமல் அவர் கொடுக்கிற சாவி மட்டும் திறக்காது. கஸ்பார் சார் அதை அடைத்து வைத்திருக்கிறார். வயசானவங்க மறந்துருவாங்க, அப்புறம் எங்கிட்டதான் வந்து அழுவாங்க என்றாராம். எவ்வளவு அக்கறை. ஏழு பிள்ளைகளின் ஞானஸ்நானத் தேதியை மறக்காத கிழவிகள், ஊரில் இறந்த ஒவ்வொருத்தருடைய வருச நாளுக்கும் மெழுகுவத்தி கொண்டுபோகிறவர்கள், இவர்களா மறந்துவிடுவார்கள்? மறக்கக்கூடியவர்கள் என்று சொல்லிச் சொல்லியே இவர்களை எல்லாம் கையில் ஒன்றும் இல்லாதவர்களாக ஆக்கிவிட்டார். இவர்களும் ஆமா சார், ஆமா சார் என்று ஆகிவிட்டார்கள். அவளையும் சேர்த்துத்தான்.

ஐந்தாவது எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. புகழ்மாலை முடிந்து, சிலுவை போட்டு, டெல்பின் அக்கா சுண்டல் தட்டை எடுத்துவர, கஸ்பார் சார் கையைத் தட்டி எல்லாரையும் உட்காரச் சொன்னார். அறைக்குள் போய்ப் பச்சை பீரோவைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே மூன்று பென் டிரைவ், சிவப்பு நூல், நீல நூல், மஞ்சள் நூல் கட்டி. "சாமியார் சொன்னபடி காலையிலேயே உடைச்சாச்சு," என்றார். "பெங்களூரு இன்ஜினியரம்மா கேட்டது இதுதானே. இனிமே நான் ஒத்தையா ஒண்ணும் பண்ண முடியாது." சிலர் சிரித்தார்கள். "சிவப்பு எம்பேர்ல. நீலம் டெல்பின் பேர்ல." பின்னாலிருந்து ஒருத்தி, "அப்ப ரெண்டும் ஒரே சோத்துப் பானையில" என்று முணுமுணுத்தாள். "யாருளா அது?" என்றாள் டெல்பின் அக்கா, சுண்டலைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே. முணுமுணுத்தவள் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டாள். "மூணாவதுக்கு ஒரு பேரு வேணும்," என்றார் கஸ்பார் சார். "நான் யோசிச்சுப் பாத்தேன். நம்ம கித்தேரிம்மா பேரையே போட்டுருவோம். தியாக்கோனுக்குத் தாயாரு. பொருத்தமா இருக்கும்ல?"

பொருத்தமா இருக்கும் என்று இரண்டு மூன்று குரல் வந்தது. அவள் பேர். அவள் பேரைப் பூட்டாகப் போட்டது போதாது என்று திருடுவதற்குச் சாட்சியாகவும் போடுகிறார். என்ன தைரியம் இந்த மனுசனுக்கு. தைரியமும் இல்லை, இவர்கள் எல்லாரையும் அவ்வளவுதான் மதித்திருக்கிறார். "துண்டு இங்கயே பீரோவுல இருக்கட்டும்," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார், "உங்களுக்கு எதுக்கு அலைச்சல், கித்தேரிம்மா. பேரு மட்டும் உங்களது." "அவிய போனையே மீன்தண்ணியில போட்டவிய," என்றாள் டெல்பின் அக்கா. கூடம் சிரித்தது, வெறுப்பில்லாமல், பாசமாகவே. கித்தேரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஆணியைப் பார்த்தாள். இந்த மூன்றும் இன்றைக்கு ராத்திரி ஒரே டப்பாவில் படுத்தால் ரெமி எழுதினது விடிவதற்குள் படிக்கப்பட்டுவிடும். ஒன்று குறைந்தால் படிக்க முடியாது. அவ்வளவு சின்னக் கணக்கு. தொலைத்துவிட்டால்? தொலைத்தால் போன் தொலைத்த ஒருத்தருக்கும் மறுபடி சாவி வராது, ஊரே அவளைத் திட்டும். கழுத்தில் கையை வைத்தாள். சிறுமியாகப் புது நன்மை வாங்கின நாளில் போட்ட உத்தரியம், மாதா படம் தைத்த துணித்துண்டு, கயிறு இற்றால் வேறு கயிறு மாற்றி, பிரசவத்தில்கூடக் கழற்றாதது, அங்கேதான் கிடந்தது. அதில் இன்னொன்று தொங்க இடம் இருக்கிறது. "என்ன கித்தேரிம்மா," என்றார் கஸ்பார் சார், டப்பா மூடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "ஒரு சரி சொல்லிட்டா மூடிரலாம்." எத்தனை வருசமாக இவருக்குச் சரி சொல்லியிருக்கிறாள். பல்வலிக்கு, பதக்கத்துக்கு, பொறுத்துப் பார்ப்பதற்கு. சரி என்பதைத் தவிர வேறு வார்த்தை அவள் வாய்க்குப் பழக்கமும் இல்லை. ஆகையால் அதையே சொன்னாள். "சரி சார். எம்பேரையே போடுங்க." எழுந்து, முந்தியை இறுக்கிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து அவர் முன்னால் போய் நின்று, நன்மை வாங்குகிற மாதிரி இடது உள்ளங்கையை வலது கைமேல் வைத்து நீட்டினாள்.

"அந்த மஞ்சள் நூல் கட்டினதை இந்தக் கையில வையுங்க."